மழையில் பிடிக்காத டயர்

காருக்கு டயர் வாங்குவதும் ஜட்டிக்கு எலாஸ்டிக் வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான் மேடம். இரண்டும் ரப்பர். கடையில் பார்க்கும்போது எல்லாம் புதிதாகத்தான் தெரியும், இழுத்துப் பார்த்தால்தான் வயது தெரியும். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு அருள்புரத்தில் இந்த பனியன் கம்பெனியை நான்தான் நடத்துகிறேன். தகரக் கூரைக்குக் கீழே கிடந்த பழைய எலாஸ்டிக்கை வைத்துத் தைத்து அனுப்பி, மொத்தச் சரக்கும் திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. வெயில் ரப்பரை உள்ளேயிருந்து கொல்லும். வெளியே ஒன்றும் தெரியாது.

காபி ஆறுகிறது, குடியுங்கள். டயர் கடை வேல்குமார் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. அவன்மேல் தவறில்லை. அவனைத் திரும்பத் திரும்ப அலைய வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். நானே முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

ரித்தீஷ் என் ஒரே மகன். அவன் வாங்கியது தரையோடு ஒட்டி ஓடுகிற வண்டி. மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். கம்பெனியிலிருந்தே நல்ல டயரோடுதான் வந்தது. அவனுக்கு அது போதவில்லை. ஸ்போர்ட்ஸ் வண்டிக்குச் செருப்பு மாட்டி அனுப்பியிருக்கிறார்கள், ஷூ வாங்க வேண்டும் என்பான். சாப்பிடும்போதுகூட போனில் டயர் வீடியோதான். எது வளைவில் பிடிக்கும், எது பிரேக் அடித்தால் உடனே நிற்கும், எது மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் என்று எல்லாம் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மருமகள் அக்ஷரா சிரிப்பாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட உங்க பையன் இவ்வளவு யோசிக்கலீங்க அத்தை" என்பாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டயர் பார்க்கப் போன அன்று என்னையும் கூப்பிட்டான். "அம்மா, நீங்களும் வாங்க. ரப்பரப் பத்தி உங்களுக்குத்தான நல்லாத் தெரியும்" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல்லடம் ரோட்டுக் கடையில் வேல்குமார் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். ரித்தீஷ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகத்தால் ரப்பரை அழுத்தி அழுத்திப் பார்த்தான். கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். மெத்தென்ற ரப்பர், தண்ணீர் ஒதுங்க அகலமான காடி. புது ஸ்டாக் வந்ததும் கூப்பிடுவதாக வேல்குமார் சொன்னான்.

திரும்பி வரும்போது வண்டியிலேயே சொல்லிவிட்டான். "அம்மா, அடுத்த மாசம் நாங்க பெங்களூரு போறோமுங்க. ஃப்ரெண்டோட சேந்து கம்பெனி ஆரம்பிக்கிறேன். ஊடும் பாத்தாச்சு."

"எத்தன நாளைக்குக் கண்ணு?"

"நாள் கணக்கெல்லாம் இல்லீங்கம்மா, இனி அங்கயேதான். இந்த டயர் போட்டுட்டா நெனச்சப்ப வந்து உங்களப் பாத்துட்டுப் போயிருவேன்."

சரி கண்ணு என்றேன். அவன் அப்பா போனபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அமராவதி நகரில் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்று என் அண்ணன் பரீட்சை எழுத வைத்தார். தேர்வாகிவிட்டான். தேர்வாகவில்லை என்று நான் அவனிடம் சொன்னேன். விசும்பி விசும்பி அழுதான். அன்று முழுக்க மடியில் போட்டுத் தேற்றினேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், பிள்ளைகளுக்குத் தங்களுக்கு எது நல்லது என்று தெரியாது. அழுதுவிட்டு மறந்துவிடுவார்கள்.

டயர் வந்த அன்று அவன் கம்பெனி வேலையாகப் பெங்களூரு போயிருந்தான். வண்டியை நான்தான் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பின்பக்கத் தகர ஷெட்டில் அதே கம்பெனி, அதே காடி போட்ட டயர் நான்கு தனியாகக் கிடந்தன. இது என்ன என்று கேட்டேன்.

"அது பழைய ஸ்டாக்குங்க்கா. ஒரு பார்ட்டி ஆர்டர் பண்ணிட்டு எடுக்கவே வரலீங்க. வருசக்கணக்கா வெயில்ல கெடக்குது."

"பாக்கப் புதுசாட்டத்தான இருக்குது."

"பாக்கத்தானுங்க்கா. உள்ள எறுகிப்போச்சு. காஞ்ச ரோட்ல எப்படியோ ஓடும். மழைன்னா சுத்தமாப் புடிக்காதுங்க. பிரேக் அடிச்சா வண்டி வழுக்கிக்கிட்டே போகும்."

நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பதியவில்லை. என் குடோன் எலாஸ்டிக்தான் ஞாபகம் வந்தது.

இதையே மாட்டு வேல்குமார் என்றேன். ரித்தீஷ் வெளிநாடு போகிறான், வண்டி ஷெட்டில்தான் நிற்கப் போகிறது, நல்ல டயர் எதற்கு வீணாக, அவன் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பொய் சொன்னேன். அவன் தயங்கினான். "ரோட்ல எறக்கிறாதீங்க்கா" என்று மறுபடி மறுபடி சொன்னான். பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொடுத்தான். தயாரித்த வாரமும் வருடமும் டயரின் பக்கவாட்டில் பொடி எண்ணாக இருக்கும். ரித்தீஷ் எப்போதும் அதைப் பார்க்கிறவன். பெங்களூருவிலிருந்து வந்து டயரைத் தடவிக் கொடுத்தான், என்னைக் கட்டிக்கொண்டான், எண்ணைப் பார்க்கவில்லை. அம்மா மாட்டிக்கொண்டு வந்ததை எந்தப் பிள்ளை சரிபார்க்கும்.

ஐப்பசி மாதம். பெங்களூருவுக்குக் குடி போகும் முன் மூலனூர் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். நாளும் நான்தான் பார்த்தேன். பஞ்சாங்கத்தில் இல்லை, மழை எப்போது என்று போனில் போடுவார்களே, அதில். காலையிலிருந்தே வானம் இருட்டிக்கிடந்தது. இரண்டு பேரும் கிளம்பிப் பாதி வழியில் அக்ஷரா போனில் கூப்பிட்டாள்.

"அத்தை, இங்க மழை ஊத்துதுங்க. வண்டி ஒரு மாதிரி வழுக்குதுன்னு இவரு சொல்றாரு. திரும்பி வந்தறட்டுங்களா? நாளைக்குப் போய்க்கலாம்."

போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். அவள் "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமி காரியத்தத் தள்ளிப்போடக் கூடாது கண்ணு. இருட்டறதுக்குள்ள போய்ட்டு வந்துருங்க. கொஞ்சம் வெரசலாப் போகச் சொல்லு" என்றேன்.

வேகமாகப் போ என்று சொன்னதை வேல்குமார் அறிய மாட்டான். அது உங்களுக்கு நான் சொல்வதுதான்.

தாராபுரம் தாண்டி ஒரு வளைவில் எதிரே பால் வண்டி வந்திருக்கிறது. பிரேக் அடித்திருக்கிறான். வண்டி நிற்காமல் புளிய மரத்தில் போய் மோதியிருக்கிறது. மரத்தில் மோதிய பக்கம் உட்கார்ந்திருந்தது அக்ஷரா. அங்கேயே போய்விட்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரி வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. அவளுக்கு இப்படி ஆகும் என்று நான் கணக்குப் போடவே இல்லை. உண்மையைச் சொன்னால், அவளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ரித்தீஷுக்குக் கழுத்துக்குக் கீழே உணர்வில்லை. பேச்சும் வரவில்லை. கண் நன்றாகத் தெரிகிறது, காது கேட்கிறது. இனி தேறாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

கொத்தனாரைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், கீழ் அறையின் வாசலை வீல்சேர் நுழையும்படி அகலமாக்கியதும், வாசற்படியை இடித்துச் சரிவு போட்டதும் விபத்துக்கு முந்தைய வாரம்தான். என் மூட்டு வலிக்கு என்று அவரிடம் சொன்னேன். ஒரு கால் போகும் என்று நினைத்தேன். இரண்டு கால் போனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிள்ளை உயிரோடு வீட்டில் இருந்தால் போதும், வேறொன்றும் நான் கேட்கவில்லை. அதைக் குற்றம் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். டயரை மாற்றியது நான். மழையில் அனுப்பியது நான். திரும்பி வருகிறோம் என்றவர்களைப் போகச் சொன்னதும் நான்.

அவனிடமும் சொல்லிவிட்டேன் மேடம். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களிடம் சொன்னதுபோலவே ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒளிவு மறைவு எதற்கு. என்னையே பார்த்துக்கொண்டு கேட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சாப்பாடுதான் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. நர்ஸ் நதியா ஊட்டினால் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்கிறான். அம்மாவைப் பார்த்ததுமே அவனுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.