கேட்டில் பை சோதனை

பூந்தமல்லி பஸ்ஸில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏறிய இரண்டு பெண்களின் சேலையிலும் வறுத்த காப்பிக்கொட்டை வாசனை அடித்தது. எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்ததுமே இளையவள் வெடித்தாள்.

"நாம மொதலாளி ஆயிட்டா பொம்பளைங்க பையைத் தொழாவணுமாக்கா?"

"மெதுவா பேசு சாந்தி. காப்பித்தூளு காணாம போவுது. நான் தலைவியா கீறேன், இன்னா பண்ணச் சொல்ற?"

"பழைய மொதலாளி கேட்டுல நிக்க வெச்சு உன் பையைத் தொழாவினப்போ, சோத்து டப்பாவை வீசிட்டு அழுதியே. அவன் கம்பெனியை மூடிட்டு ஓடினப்புறம் நாம பன்னெண்டு பேரு பங்கு போட்டு மிஷினை ஓட்டினது இதுக்கா?"

"அப்போ பன்னெண்டு பேரு. இப்போ நாப்பது பேரு. எல்லாரையும் நம்ப முடியுமா?"

"புதுசா வந்த பொண்ணுங்களுக்குப் பங்கு குடுத்தமா? கூலிக்குத்தானே வெச்சிக்கீறோம்? மலையில காப்பி வெளைய வெக்கிறவங்களுக்கு நியாயமான வெல குடுக்கறோம்னு பாக்கெட்டுல அச்சடிச்சிக்கினு, நம்ம கேட்டுல நிக்கிற பொண்ணுக்கு இன்னா நியாயம் பண்ணோம்?"

தலைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாந்தி விடவில்லை.

"நாளைக்கு வரிசையில நான்தான் மொத ஆளா நிப்பேன். பங்குக்காரி பையை உன் கையாலயே தொழாவு. முடியலன்னா அந்தப் பொண்ணுங்களையும் பங்குல சேத்துக்கோ."

கரையான்சாவடி வந்தது. இறங்க எழுந்த தலைவியின் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"பங்கு விஷயத்தை ஞாயித்துக்கெழம கூட்டத்துல பேசு, நான் தடுக்க மாட்டேன். நாளைக்கு நீ ரெண்டாவது நில்லு. மொதல்ல என் பை."