ஜன்னலைப் பற்றி ஒரு வரி

சின்னதா தொழில் பண்றவன் எப்ப விளம்பரம் எழுத ஆள் வைக்கணும்னு என்னைக் கேட்டா, பொருள் நல்லா இருக்கிறப்பவே வச்சிடணும்னு சொல்லுவேன் சார். நான் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டேன்.

பதினோரு வருஷமா எங்க ஹீட்டருக்கு நோட்டீஸ் எழுதினது நான்தான். அறையைச் சூடாக்குற கேஸ் ஹீட்டர், கைப்பிடி வச்சது, ரூமுக்கு ரூம் தூக்கிட்டுப் போகலாம். பட்டறையில நான், மெக்கானிக், இன்னும் மூணு பேர். 'குளிருக்கு விடை கொடுங்கள், கதகதப்பை வரவேற்றிடுங்கள்'னு நான் எழுதினதை என் மச்சான் சாப்பாட்டு மேசையில சத்தமா படிச்சுக் காட்டி, "இதைப் படிச்சாலே ஜன்னி வந்துடும் மாப்ளே"ன்னு சிரிப்பாரு. என் மனைவியும் அவ அண்ணன் பக்கம்தான். "பல்லு வலிச்சா நீங்களே பிடுங்கிக்கறீங்களா? எழுத்துக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு?" நியாயமான கேள்விதான்.

போன குளிர்காலத்துல பழைய பர்னர் வர்றது நின்னு போச்சு. வேற இடத்துல வாங்கிப் போட்டோம். பத்து நாள்ல மெக்கானிக் வந்தான். "அண்ணே, தீ நீலமா எரியணும், இது மஞ்சளா எரியுது. மூடின ரூம்ல இது ஆளைக் கொன்னுடும், வாசனைகூட வராது"ன்னான். பெட்டி மேல பெருசா ஒரு வரி போட்டுடலாம்னான், ஜன்னலைத் திறந்து வைக்கவும்னு. ஹீட்டரை வாங்கிட்டு ஜன்னலைத் திறந்து வைன்னா எவன்டா வாங்குவான்னு கேட்டேன். அவன் அடுத்த வாரம் வேலையை விட்டுட்டான்.

அப்புறம் போன் வர ஆரம்பிச்சுது. மூணு வீடு. தலை வலிக்குது, வாந்தி வருதுன்னாங்க. ஊரெல்லாம் காய்ச்சல், சூடா ஏதாவது குடிங்கன்னு சொன்னேன். என் குரல் நிதானமாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்குப் பயம் சார். போன் அடிச்சா நாலு தடவை அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். சாப்பாட்டைப் பாதியில வச்சுட்டு எழுந்துடுவேன். வியாபாரம் படுத்த கவலைன்னு மனைவி நினைச்சா. அவ மறுபடி சொன்னப்ப, சரி, ஆள் வைக்கலாம்னேன். நல்லா எழுதத் தெரிஞ்சவங்க வந்தா எல்லாம் சரியாயிடும்னு நம்பினேன்.

வந்தவங்களை நாங்க எழுத்தம்மான்னு கூப்பிட்டோம். நாப்பது வயசு இருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டு, அதையே ரூம் பூரா தேடுவாங்க. அவங்களுக்கு ஒரே நிபந்தனை. எந்தப் பொருளா இருந்தாலும் ஒரு வாரம் தன் வீட்டுல வச்சுப் பழகாம ஒரு வரி எழுத மாட்டாங்க. "வாயில வைக்காத சாப்பாட்டுக்கு நான் எப்படி சார் ருசி சொல்றது?" பழைய பர்னர் போட்ட ஹீட்டர் ஒண்ணு பரண்ல இருந்துச்சு. அதைக் கொடுத்திருக்கலாம். ஏணி எடுக்கணும், ஏணி மேல பெயின்ட் டப்பாவை அடுக்கி வச்சிருந்தோம். கைக்குக் கிடைச்சதைக் கொடுத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் போன் பண்ணாங்க. "சார், காலையில எழுந்தா தலை பிளக்குது. வெளிய வந்தா விட்டுடுது. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, அவர் ரூம்லயும் கொஞ்ச நேரம் வைக்கிறேன், அங்க ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு காத்து வருது. நேத்து நானும் ஜன்னலைத் திறந்து வச்சேன், இன்னைக்குத் தலைவலி இல்ல." எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க. முதல் வரியே ஜன்னல்தான். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும், அவ்வளவு தெளிவு. இந்த வரியைப் போடலைன்னா நான் எழுதல சார், ஆனா தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்லாமலும் இருக்க மாட்டேன்னாங்க. கோபமே இல்லாம சொன்னாங்க.

யோசிச்சுத்தான் பேசினேன். "குளிர் காத்து பட்டாலும் தலை வலிக்கும்மா. உங்க கணக்குக்கே இன்னும் வாரம் முடியலையே. மூணு நாள் ஜன்னலை நல்லா சாத்தி வச்சுப் பாருங்க. கதவு இடுக்குல துணியை வைங்க. அப்பவும் வலிச்சா உங்க வரியையே மேல போடறேன்"னேன். "அதுவும் சரிதான் சார், பாதியில விட்டா சோதனை ஆகாது"ன்னாங்க. நேர்மையானவங்க. செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். செஞ்சா என்ன ஆகும்னும் தெரியும். மெக்கானிக் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்.

மறுநாள் போன் வரல. அதுக்கு அடுத்த நாள் காலையில வந்துச்சு. அவங்க நம்பர்தான். பொழைச்சுட்டாங்க போலன்னு நினைச்சேன். பேசினது அவங்க அப்பா.

"தம்பி, ஹீட்டர் கம்பெனிதானே? பொண்ணு எழுந்திரிக்க மாட்டேங்குறா. இதை எப்படி அணைக்கறதுன்னு எனக்குத் தெரியல."

எங்க இருந்து பேசறீங்கன்னு கேட்டேன். அவ ரூம்லதான், பக்கத்துலயே உக்காந்திருக்கேன்னாரு.

ஸ்டேஷனுக்கு வந்ததுலேர்ந்து நீங்க அந்த மாடல் இன்னும் எத்தனை வீட்டுல எரியுதுன்னு ரெண்டு தடவை கேட்டுட்டீங்க. வாங்கினவங்க லிஸ்ட் மேசை டிராயர்ல இருக்கு. நான் யாருக்கும் போன் பண்ணல. ஆனா அந்தப் பெரியவர்கிட்ட பொறுமையா எடுத்துச் சொன்னேன் சார். முதல்ல ஜன்னலைத் திறங்க ஐயா, நல்லா திறந்துவிடுங்க, அப்புறம் வலது பக்கத் திருகைத் திருப்பிட்டு வெளிய வந்துடுங்கன்னேன். அவர் பொழைச்சாரு. அதையும் எழுதிக்குங்க. ஒரு உயிரை நான் காப்பாத்தியிருக்கேன்.