கம்ப்யூட்டர் மேல் பொறாமை

நேற்றுக் கேட்ட பேச்சு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் சொன்னார்:

"அந்தக் கம்ப்யூட்டர் மேல எனக்குப் பொறாமையா இருக்குதுக்கா."

"கம்ப்யூட்டர் மேலயா? நல்லா இருக்குது போ!"

"என் பையனுக்குத்தான் பேச்சு வராதில்ல. ஆறு மாசமா கன்னத்துல அடிச்சிக்கினு இருந்தான். அடம்னு நெனச்சு நானும் ரெண்டு போட்டேன். பல் டாக்டரம்மா அவன் வாயை போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டாங்க. கடவாய்ப்பல்லு சொத்தைன்னு ஒரே நொடியில வட்டம் போட்டுக் காட்டிடுச்சு. டாக்டரம்மாவும் பார்த்துட்டு ஆமான்னுட்டாங்க. தறியில ஒரு இழை அறுந்தா உக்காந்த எடத்துலயே எனக்குத் தெரியுது. பெத்த புள்ள வலி தெரியலியே!"

"போட்டோவுக்கு வாயத் தொறந்தானா?"

"தொறந்தான்கா."

"எனக்கு உன் மேலதான் பொறாமை. என் பொண்ணுக்கும்தான் பேச்சு வராது. எதுக்கும் வாயத் தொறக்க மாட்டேங்குறா."

இளையவர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"அவளும் கன்னத்துல அடிச்சிக்கிறாளாக்கா?"

"இல்லம்மா. தலைய செவுத்துல முட்டிக்கிறா."

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே மெல்லச் சொன்னார்:

"அடம்னுதான் நானும் நெனச்சிக்கினு இருக்கறேன்."