மூன்று ஒயர்

— மணி நாலே கால். அஞ்சரைக்கு நான் கிளம்பணும் பாப்பா. ஆறு மணிக்கு கிரேன் மேல இருக்கணும்.

— இருக்கலாம் அண்ணா. எஞ்சினைத் தூக்கிட்டேன். எண்ணெய் டேங்க்கையும் சைலன்சரையும் நீ கழட்டு. நாலே நாலு ஸ்க்ரூ.

— மனசு வரலை. எட்டு வருஷமா மைதானத்துல ரிமோட்ல பறந்த குட்டி வண்டி. மான்ஸ்டர் டிரக்னா இதுதான்னு ஊரே பாத்துச்சு. இப்ப பாரு, தோலுரிச்ச கோழி மாதிரி.

— நீதானே எலக்ட்ரிக்கா மாத்திக் கொடுன்னு தூக்கிட்டு வந்தே?

— உங்க அண்ணிதான்... வீடு பூரா நைட்ரோ எண்ணெய் நாத்தம்னு. பக்கத்து வீட்டுக்காரன் வேற, சத்தம் தாங்கலையாம்.

— நீ வெக்கற டிவி சத்தம்தான் தாங்கலைன்னாங்க அண்ணி.

— அவளுக்கு எதுலதான் குறையில்லை? என்னைக் கட்டிக்கிட்டதுல தொடங்கும்.

— அதுல நியாயம் இருக்கு.

— உதை வாங்குவே.

— சரி, பிடி இதை. டேங்க் இருந்த இடத்துல பேட்டரி. எஞ்சின் இருந்த இடத்துல மோட்டார். கயிறு இழுக்கற வேலை இல்லை. ஸ்விட்ச் போட்டா ஓடும்.

— அதான் வேணும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எண்ணெய் ஊசியைத் திருப்பற வம்பே இல்லை பாரு.

— வம்பா? அது உனக்கு உயிரா இருந்துச்சே. ஒரு தாள் துண்டு கொடு... அண்ணா... அண்ணா!

— என்ன? சுவத்தைப் பாத்துக்கிட்டா பேசுவாங்க? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு.

— ஒரு தாள் துண்டு கேட்டேன். ரெண்டு பல்சக்கரத்துக்கும் நடுவுல வெச்சு மோட்டாரை இறுக்கணும். அப்புறம் உருவிட்டா, வேணுங்கற அளவு இடைவெளி இருக்கும்.

— இந்தா, பஸ் டிக்கெட்.

— போதும்... எஞ்சினைப் பிரிச்சுப் பாத்தேன். பிஸ்டன் பூரா கோடு விழுந்திருக்கு.

— பழைய எண்ணெய். அடியில தங்கினதை ஊத்திட்டேன்.

— பழைய எண்ணெயால இல்லைண்ணா. ஊசியை அளவுக்கு மேல இறுக்கியிருக்கே. எண்ணெய் போதாம எஞ்சின் வறண்டு போச்சு. நிக்கறதுக்கு முன்னாடி வீல்னு கத்தியிருக்கும்.

— கத்தலை.

— தெருக்கோடி வரைக்கும் கத்தியிருக்கும்.

— நான்தானே ஓட்டினேன்? கத்தலைங்கறேன்.

— மைதானத்துல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?

— விடு பாப்பா.

— பாம்புச்செவி. எல்லாரும் சூடு பாக்கற கருவியை வெச்சுக்கிட்டு முழிப்பாங்க. நீ கண்ணை மூடிட்டு ஊசியைக் கால் சுத்து திருப்புவே. வண்டி கிளம்பும். ஆஸ்பத்திரி மாதிரி வரிசையில நிப்பாங்க.

— நீ பக்கத்துல கம்பவுண்டர். டாக்டரை விட உனக்குத்தான் பந்தா அதிகம்.

— விசில்காரர் என் கடைக்கு வந்தாரு.

— யாரு?

— உன் கிரேனுக்குக் கீழே நின்னு விசில் ஊதறவர். போன் ரிப்பேருக்கு.

— என்ன சொன்னான்?

— கையில கட்டுப் போட்டிருந்தாரு.

— கம்பிக்கட்டு உரசிடுச்சு. காத்து. எண்பது அடி உயரம், கண்ணாடிக் கூண்டு... கீழே இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்?

— நிறுத்தச் சொல்லி மூணு தடவை ஊதினாராம்.

— காத்துல வரலை. அதான் சொல்றேனே?

— சூப்பர்வைசர்கிட்ட அவரும் அதையேதான் சொன்னாராம். காத்துன்னு. உனக்காக.

— அப்புறம் என்ன?

— இன்னிக்கும் அவர்தான் கீழே நிக்கறாரு. இன்னிக்கு மட்டும் லீவு சொல்லிடேன்.

— நாளைக்கு? நாளன்னிக்கு? அந்தக் கூண்டை விட்டு இறங்கினா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு. கீழே பாத்துக்கிட்டேதான் இறக்கறேன். கண்ணு இருக்குல்ல?

— கண்ணு பத்துமா?

— காதும் நல்லாத்தான் இருக்கு! போன மாசம் கம்பெனியில டெஸ்ட் வெச்சாங்க. பாஸ். போதுமா?

— கத்தாதே. பக்கத்துலதான் இருக்கேன்.

— கத்தினேனா?

— கத்தினே.

— கோவமா பாப்பா?

— இல்லை. காது நல்லா இருந்தா எனக்கென்ன வருத்தம்? இதை முடிப்போம். மூடியைப் போட்டாச்சு. பேட்டரியை மாட்டப் போறேன். என்னைப் பாரு, சொல்றதைக் கேட்டுக்கோ. இதுல தனியா ஸ்பீக்கர் கிடையாது. மோட்டாரேதான் பீப் அடிக்கும். பேட்டரியில எத்தனை செல்லோ அத்தனை பீப். எண்ணிக்கை தப்பினா ஓட்டக் கூடாது. பேட்டரி தீப்பிடிச்சுக்கும்.

— நம்மளுது எத்தனை செல்?

— மூணு. கையை எடு. வண்டி மேல வெக்காதே.

— ஏன்? பிடிச்சுக்கறேனே?

— சக்கரம் திடீர்னு சுத்தினா விரல் போயிடும். தள்ளி உக்காரு. நான் ஸ்விட்சைப் பாத்துக்கறேன். நீ எண்ணு.

— நீயே எண்ணக் கூடாதா?

— நீ எண்ணினா எனக்கு நம்பிக்கை. பாம்புச்செவியாச்சே.

— சரி, போடு.

— போட்டாச்சு.

— ஆ, சிவப்பு விளக்கு வந்துடுச்சு.

— விளக்கு இருக்கட்டும். எத்தனை பீப்?

— மூணு.

— மூணா?

— மூணுதான். பழைய எஞ்சின் மாதிரியா? கிளிக்குஞ்சு கத்தற மாதிரி சின்னதா.

— அண்ணா...

— ஒண்ணு, ரெண்டு, மூணு. தெளிவா எண்ணினேன் பாப்பா. சரிதானே? ஏன் அப்படிப் பாக்கறே?

— மூடியைத் திறந்து பாருண்ணா. மோட்டாரோட மூணு ஒயரையும் நான் இன்னும் மாட்டவே இல்லை.