எட்டாவது தூணின் தலை

— இந்தத் தூண் தலையில செதுக்கியிருக்கிறது சிங்கம் ஆளை முழுங்கறதுதானே, சத்தூரியோ ஐயா?

— படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நல்லாப் பாரு, அம்மணி. அவன் முகத்துல பயமே இல்ல. சிங்கம் அவனைத் துப்புது. செத்தவன் எழுந்து வர்றான்.

— பாதி உள்ளே, பாதி வெளியே. எப்படி வேணா சொல்லலாம்.

— சொல்லலாம். மழை நாள்ல முழுங்குது, வெயில் நாள்ல துப்புது. எண்ணூறு வருஷமா அதுக்கு வேற வேலையில்ல.

— அந்தத் தூண் தலையில கடற்கன்னிக்கு எதுக்கு ரெண்டு வால்? காம ஆசையோட அடையாளம்னு எங்க குறிப்புல இருக்கு.

— உங்க பிஷப் அலுவலகத்துக்கு எதைப் பார்த்தாலும் அந்த நினைப்புதான். ஒரு வால் போறதுக்கு, ஒரு வால் திரும்பி வர்றதுக்கு. எங்க ஊர்க்காரங்களுக்கு முதல் வால் மட்டும்தான் முளைச்சுது, பாத்துக்க.

— சரி, ஏழு ஆச்சு. எட்டாவது அந்த இருட்டு மூலையிலயா?

— அதுக்கு நாலு மணி வெயில் வரணும்னு சொன்னேனே. அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது.

— காலையில பத்து மணிக்கு வந்தேன், ஐயா. உங்க வீட்டுப் பூண்டு சூப்பு ரெண்டு கிண்ணம் குடிச்சாச்சு...

— மூணு.

— மூணு. கோழிங்க பேரெல்லாம் மனப்பாடம் ஆச்சு. இப்ப மணி நாலேகால்.

— அக்டோபர் கடைசி. சூரியன் சோம்பேறி. இன்னும் கொஞ்சம் இரு.

— நான் வந்த வேலையைச் சொல்லிடறேன். காலையிலேர்ந்து தொண்டையிலேயே நிக்குது.

— தெரியும். என்கிட்ட இருக்கிற கோயில் சாவி.

— எப்படித் தெரியும்?

— வந்ததும் கதவை அளந்தே. கல்லைப் பார்க்க வர்றவங்க கதவை அளக்க மாட்டாங்க, அமாயா அம்மணி.

— புதுப் பூட்டு மாட்டப் போறாங்க. போன்லயே சீட்டு எடுத்தா கோயில் கதவு தானாத் திறக்கும், விளக்கு எரியும், ஒரு குரல் விளக்கம் சொல்லும். யாரும் வந்து உங்க வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்ல.

— தட்டினா எனக்கென்ன நோவு?

— நோவுன்னு யாரும் சொல்லலையே.

— இந்த ஊர்ல புகை வர்றது என் வீட்டுக் கூரையில மட்டும்தான். மூணு குளிர்காலம் ஆச்சு, ஹசிந்தா போய். எதிர்வீட்டுக்காரி. சரகோசா நகரத்துல மக வீட்டுக்குப் போயிட்டா. போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல, பாத்துக்க. கார் சத்தம் கேட்டு வெளியே வந்தேன், புழுதிதான் நின்னுது.

— சண்டையா?

— அறுபது வருஷம் எதிரெதிர் வாசல். சண்டை இல்லாம இருக்குமா? என் கோழி அவ கோஸைத் தின்னும், அவ நாய் என் கோழியைத் தின்னும். ஆனா ஞாயித்துக்கிழமையானா கோயில் வாசல்ல கிடக்கிற வருகைப் புத்தகத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுவா. என் கண்ணுல புரை, எழுத்து தெரியாது. ‘எல்லாரும் அருமைன்னு எழுதியிருக்காங்க, கிழவா, தலைக்கனம் பிடிச்சு அலையாதே’ம்பா. அவ போனப்புறம் அதை யாரும் எனக்கு வாசிக்கல.

— இதைக் கேளுங்க. அறிக்கையில ஒரு கட்டம் இருக்கு: சாவிக்காரர் ஏன் தேவைன்னு. ஒரு நல்ல காரணம் இருந்தா சாவியை உங்ககிட்டயே விட்டுடுவாங்க. ‘எட்டாவது தூணின் தலையை நாலு மணி வெயிலில்தான் பார்க்க முடியும். காத்திருந்து காட்ட ஆள் வேண்டும்.’ எழுதவா?

— எழுது.

— எழுதியாச்சு. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

— நில்லு. போடாதே.

— ஏன் ஐயா?

— அது வடக்குச் சுவரு, அம்மணி. அங்க நாலு மணிக்கும் வெயில் வராது, நானூறு வருஷத்துக்கும் வராது. வந்தாலும் பார்க்க ஒண்ணுமில்ல. வெறுங்கல்லு. சிற்பி செதுக்காமயே போயிட்டான். அவனும் சொல்லிக்காம போனவன்தான்.

— அப்ப எதுக்கு எல்லாரையும்...

— ஏழு தூணையும் பார்க்க இருபது நிமிஷம். அப்புறம் கார்க் கதவு சாத்துற சத்தம். வெயிலுக்குக் காத்திருங்கன்னா சாப்பாட்டுக்கு இருப்பாங்க. அவ்வளவுதான். என் பொய் உன் கையெழுத்தோட போக வேணாம். அடிச்சுடு. பூட்டை மாட்டிக்கட்டும்.

— முதல் பாதியை அடிச்சுட்டேன். வெயில் பொய். ஆள் வேணுங்கறது பொய்யில்ல. அதுக்குக் கீழே கையெழுத்தும் போட்டாச்சு.

— வெறுங்கல்லுன்னு சொன்னேனே, கோவம் வரலையா உனக்கு?

— அது காலையிலேயே தெரியும், ஐயா. இங்க வர்ற எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நாலு மணி வரைக்கும் இருக்காங்க.

— யார் சொன்னா?

— வருகைப் புத்தகம். அட்டையைத் திறந்ததும் உள்பக்கத்துல, பெரிய பெரிய எழுத்துல. வாசிக்கவா?

— வாசி.

— ‘வருகிறவர்களுக்கு: எட்டாவது தூணில் ஒன்றும் இல்லை. கிழவனிடம் சொல்லிவிடாதீர்கள். நாலு மணி வரை இருங்கள். என்னால் இருக்க முடியவில்லை. இப்படிக்கு, எதிர்வீட்டு ஹசிந்தா.’