ஆளுக்கேத்த அளவு

சாவி எங்கிட்டதான் இருக்கு, எங்கயும் ஓடிடாது. மொதல்ல உக்காரும்மா. பிள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிப்பே? அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காரு, சுவரோரமா. ம், அப்படித்தான். பக்கத்து வீட்ட பாத்துக்கலாம், இப்ப பாதியில விட்டேன்னா இந்தக் காப்பிக்கொட்டை வீணாப் போயிடும்.

இதுவா? நீ நினைக்கிறது சரிதான், பாப்கார்ன் மெஷின்தான். சோளம் பொரிக்க வாங்கினது. எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்தா எதையும் நிம்மதியா இருக்க விடமாட்டார். இதைப் பிரிச்சு, எதையோ வெட்டி எதையோ ஒட்டி, காத்துக்கு ஒரு சுவிட்சு, சூட்டுக்கு ஒரு சுவிட்சுன்னு வச்சுட்டார். மனுஷன் வாழ்க்கையில உருப்படியாப் பண்ணின காரியம் இது ஒண்ணுதான். நான் சொல்றது அவருக்குக் கேக்கும், கேக்கட்டுமே. உள்ளதான் இருக்கார். வீடு பாக்க யாராவது வந்தா வெளிய தலையே காட்ட மாட்டார். கூச்சம்னு வச்சுக்கோயேன்.

இதுல நூறு கிராம்தான் போடணும். ஆசைப்பட்டு இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்னு வையி, கொட்டை சுத்தாது. அடியில இருக்கிறது கருகும், மேல இருக்கிறது பச்சையாக் கிடக்கும். கம்மியாப் போட்டாலும் வம்புதான், சூடே பிடிக்காது, கொட்டை பறந்து வந்து மூஞ்சில அடிக்கும். ஒருவாட்டி அவரு கண்ணாடியிலயே வந்து விழுந்துச்சு. அலறின அலறல் இருக்கே, நான் அன்னிக்குப் பூரா சிரிச்சேன்.

பிள்ளை என்ன, மூச்சு விடறப்ப கீச்சுகீச்சுங்குது? வீசிங்கா! அடப் பாவமே. பொறந்ததுல இருந்தேவா? இப்ப இருக்கிற வீட்டுக்குப் பக்கத்துல மரம் அறுக்கிற பட்டறையா. அப்புறம் எப்படிக் குணமாவும்? இன்னொரு தடவை இப்படி இழுத்தா தாங்காது, மொதல்ல வீட்ட மாத்துங்கன்னு டாக்டரே சொல்லிட்டாராக்கும். அதான் காத்தோட்டமான வீடு தேடி அலையுறியா. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி என் தங்கச்சிதானே, போன்ல உங்கிட்ட அப்படித்தான் சொல்லியிருப்பா. காத்து பிச்சுக்கிட்டுப் போகும்னு. சொல்லுவா, சொல்லுவா.

அந்தா, சடசடன்னு ஒரு சத்தம் கேக்குதா? முதல் வெடிப்பு. இதோட நிறுத்தினா காப்பி நல்ல மணமா இருக்கும், புகையும் பேருக்குத்தான் வரும். விவரம் தெரிஞ்சவங்க இங்கயே நிறுத்திடுவாங்க. இன்னும் விட்டா ரெண்டாவது வெடிப்பு வரும், சன்னமா, காஞ்ச சுள்ளிய மிதிச்ச மாதிரி. அப்பதான் கொட்டையில எண்ணெய் கசியும். புகைன்னா புகை, அப்படி ஒரு புகை.

வீட்டுக்கு என்னம்மா குறை? நல்ல வீடு, பொய் சொல்லக் கூடாது. இது ரெண்டும் ஒரே வீடுதான், எங்கப்பா கட்டினது. நடுவுல சுவர் வச்சு எனக்குப் பாதி, தங்கச்சிக்குப் பாதி. பெரிய ஜன்னல், வெளிச்சம், காத்து எல்லாம் அந்தப் பாதிக்குப் போயிடுச்சு. எப்படிப் போச்சுன்னு கேளு. எங்கம்மா படுத்த படுக்கையாக் கிடந்தப்ப மலமூத்திரம் அள்ளினவ நான். அவ விருந்தாளி கணக்கா ஆப்பிள் வாங்கிட்டு வருவா, கட்டிலுக்கு அந்தப் பக்கமே நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாப்பா, கிளம்பிடுவா. பங்கு பிரிக்கிற அன்னிக்கு மட்டும் மகராசி எல்லாருக்கும் முன்னால வந்து ஜன்னல் பக்கத்துல நின்னுக்கிட்டா. அக்கா, எனக்கு இது போதும்கிறா. போதுமாம்! என்ன பெருந்தன்மை! எனக்கு வயிறு எரிஞ்சுதும்மா. இன்னிக்கும் எரியுது. உங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது?

அந்தச் சுவரையாவது ஒழுங்கா வச்சாளா? தலைக்கு மேல பாரு. சுவருக்கும் கூரைக்கும் நடுவுல எவ்வளவு சந்து கிடக்குது பாரு. கொத்தனாரை விரட்டி விரட்டி, கடைசி வரிசை வைக்காமலே அனுப்பிட்டா. இங்க தும்மினா அங்க கேக்கும்.

காப்பி போடட்டுமா? குடிக்க மாட்டியா. சரி விடு. அந்த வீட்டுல குடியிருந்தவங்க யாருமே எங்கிட்ட ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிச்சதில்ல. ஆனாலும் பாரு, நான் வறுக்கிற அளவை மட்டும் அவங்கவங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டுத்தான் இருந்தேன்.

மொதல்ல ஒரு பாட்டு டீச்சர் வந்தாங்க. ஒத்தைக் கட்டை. கழுத்துல எப்பவும் ஒரு துண்டைச் சுத்திக்கிட்டு, தொண்டையப் பச்சைக் குழந்தை மாதிரி பாத்துக்குவாங்க. காலங்காத்தால அந்த ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு ஆரம்பிச்சா, கேக்க நல்லாத்தான் இருக்கும். அவங்களுக்கு முந்நூறு. முந்நூறுக்கு இந்த மெஷின் எந்த மூலைக்கு? ரிப்பேர் கடையில பிரெட் சுடற மெஷின் ஒண்ணு சீந்துவாரில்லாமக் கிடந்துச்சு. அதுக்குள்ள ஒரு துடுப்பு சுத்தும். கொட்டைய அதுல கொட்டிட்டு, பழைய பெயின்ட்டை உரிக்கிறதுக்குச் சூடு ஊதுவாங்களே, அந்த ஹீட் கன்னை மேல பிடிச்சுக்கிட்டு நிக்கணும். கை விட்டுப்போகும். ஆனா பலன் இருந்துச்சு. டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அப்புறம் விடவே இல்ல. பாட வாயத் திறந்தா தவளை கத்துற மாதிரி வரும். படிக்க வந்த பிள்ளைங்களே சிரிக்க ஆரம்பிச்சுதுங்க. காலி பண்ணிட்டுப் போறப்ப எங்கிட்ட வந்து, இந்த வீடு எனக்கு ராசியில்லம்மான்னு ஒரே அழுகை. நானும் முதுகைத் தடவிக் குடுத்தேன்.

அடுத்து பஸ் டிரைவர் ஒருத்தர், பொண்டாட்டியோட. ஆளா அது? எருமை. அவரே ஊதித் தள்ளுற ஆளு, முந்நூறெல்லாம் அவருக்கு ஊதுபத்தி மாதிரி. அரைக் கிலோவுக்குப் போனேன். எவர்சில்வர் டிரம்முல ஓட்டை போட்டு, கார் வைப்பர் மோட்டாரை மாட்டி, கேஸ் அடுப்பு மேல சுத்துற மாதிரி எங்க வீட்டுக்காரர்தான் பண்ணிக் குடுத்தார். பண்ணிக் குடுத்துட்டு என்ன கேக்கிறார் தெரியுமா? நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு கொட்டைங்கிறார். உங்களுக்கு வேற வேலையில்லையான்னேன். அப்புறம் அவருக்கே புரிஞ்சுபோச்சு. அன்னியில இருந்துதான் அந்த அறையே கதின்னு கிடக்கார். வாயத் திறந்து வேண்டாம்னு சொல்லத் தைரியம் கிடையாது. முதுகெலும்பு இருந்தாத்தானே? டிரைவர் தாங்கினார்மா, அவர் பொண்டாட்டியால முடியல. துவைச்சுப் போடற துணியெல்லாம் கரிவாடை. சோத்துல வாடை, தலையில வாடை. தினம் ரெண்டு பேருக்கும் சண்டை. கடைசியில அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா, பின்னாலயே அவரும் போயிட்டார்.

வறுத்த கொட்டையா? அத எவன் குடிப்பான்? கரி. பின்னால குழி வெட்டிக் கொட்டினோம்.

இந்தா, சாவியப் பிடி. பிள்ளையக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, நழுவுறா பாரு.

அடடா, பேச்சு சுவாரசியத்துல நான் சுவிட்ச அணைக்கவே இல்ல. ரெண்டாவது வெடிப்பே வந்துடுச்சு. பாத்தியா, புகை எப்படி வழி தெரிஞ்ச மாதிரி நேரா அந்தச் சந்துக்குப் போகுதுன்னு. நடுவுல நீ உக்காந்திருக்க, என்ன பண்றது.

இருமுறாளே. நெஞ்சு வேற உள்ள இழுக்குது. அந்த ஊதுற மருந்து கொண்டு வந்திருக்கியா? பைக்குள்ள தேடிப் பாரு, பதறாதே. ஜன்னலா? இந்தப் பாதியில ஜன்னல் ஏது கண்ணு? அதான் முதல்லயே சொன்னேனே.

ஏன் என்னை அப்படிப் பாக்கிற? வராதேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? தாராளமா வா. மூட்டை முடிச்செல்லாம் கொண்டு வந்து இறக்கு, பால் காய்ச்சு. உன் மேல எனக்கு என்ன கோபம்? நீ யாரோ, நான் யாரோ. ஆள் தங்காத வீட்டை அவ எத்தனை காலம் பூட்டிப் பூட்டி வச்சிருப்பா? அக்கா, அந்தப் பாதியையும் நீயே எடுத்துக்கோன்னு எங்கிட்ட வந்து அவ நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

கிளம்பிட்டியா? சரி, பாத்துப் போ, படி வழுக்கும். டீச்சருக்கு முந்நூறு தேவைப்பட்டுச்சு. டிரைவருக்கு அரைக் கிலோவே இழுபறிதான். உன் பொண்ணுக்கு இந்த நூறே ஜாஸ்தி போலிருக்கு. சாவிய அந்த மேசையிலயே வச்சுட்டுப் போம்மா, சாயங்காலம் இன்னொருத்தர் பாக்க வர்றாங்க.