பெஞ்சுகளைக் கடைவீதிக்கு அனுப்பிய அக்காவுக்கு

கடைவீதி வரி அலுவலகத்தின் மேற்பார்வையாளரே! கடைக்காரர்கள் வாயில் 'டோக்கன் அக்கா' ஆனவரே! அதட்டிய கையோடு டீயும் வாங்கித் தருபவரே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இல்லாததைச் சொல்லிப் புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது. நடந்ததையே சொல்கிறோம்.

ஆட்குறைப்பு வந்தது. ஐந்து கவுண்டர் இரண்டாகச் சுருங்கியது. வரி கட்ட வந்தவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்து எங்களைத் திட்டினார்கள். வெளியே துணிக்கடையும் பாத்திரக்கடையும் ஷட்டரை இழுத்துவிட்டன. மிச்சக் கடைகள் காற்று வாங்கின. உள்ளே நெரிசல், வெளியே வெறிச்சோடிய தெரு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு காலையில் கூடத்துப் பெஞ்சுகளைத் தூக்கிக் கடைக்கு ஒன்றாகப் போட்டீர்கள். வந்தவர்களிடம் டோக்கனைக் கொடுத்து, "இங்க நின்னு என்னை முறைக்காதீங்க. நாலு கடை பாத்துட்டு இருங்க, கூப்பிடுறேன்" என்றீர்கள். உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நாங்கள் பேசிக்கொண்டோம்.

அலுவலகத்தை மூடலாமா என்று பார்க்க அதிகாரி வந்தபோது கூடம் காலி.

"என்னம்மா, ஈ ஓட்டுறீங்களா? இதுக்கு எதுக்கு ஒரு ஆபீஸ்?"

வேலை போயிற்று என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். நீங்கள் அசரவில்லை. "வாசலுக்கு வாங்க சார்" என்று கூட்டிப்போய், "நாப்பத்திரண்டு!" என்று குரல் கொடுத்தீர்கள். அதைச் செருப்புக்கடைக்காரர் வாங்கிக் கத்தினார், அடுத்துக் கண்ணாடிக்கடைக்காரர். தெருக்கோடியிலிருந்து தையல்காரர், "இருங்கக்கா, இடுப்பு அளவுதான் பாக்கி!" என்றார். பேன்ட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த நாற்பத்திரண்டாம் டோக்கன்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்க ஓடிவந்தார்.

"யோவ், டேப்பைக் குடுத்துட்டுப் போய்யா!" பின்னாலேயே தையல்காரர்.

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு தெருவை எட்டிப் பார்த்தார். எந்தப் பெஞ்சும் காலியாக இல்லை.

அலுவலகம் மூடப்படவில்லை. பாத்திரக்கடை ஷட்டரும் போன மாதம் மறுபடி ஏறிவிட்டது. உங்கள் நாற்காலிக்கு மட்டும் ஆள் போடமாட்டார்களாம். அது எங்களுக்குக் கடுப்புதான். ஆனாலும் டோக்கன் எண்ணைக் கூவத் தொண்டை எங்களுக்கும் இருக்கிறது.

நோய்நொடி அண்டாமல் நெடுநாள் வாழுங்கள், அக்கா! இந்த மடலோடு நாளைய முதல் டோக்கனையும் தருகிறோம். செருப்புக்கடைப் பெஞ்சில் உட்காருங்கள். டீ வந்ததும் தெருவே உங்கள் எண்ணைச் சொல்லும். இனி உட்கார்ந்திருப்பது உங்கள் வேலை. கூப்பிடுவது எங்கள் வேலை.

அன்புடன்,
இரண்டு கவுண்டரிலும் மிஞ்சியிருக்கும் உங்கள் ஊழியர்கள்